கடலில் போட்ட கல்லும் வாங்காத கயிறும்

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் இப்போது மீன் எண்ணுவதற்குக் கேமரா வந்துவிட்டது. கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கிவிட்டால் அதுவே பார்த்து, அதுவே எண்ணி, சாயங்காலம் கணக்கைக் கம்ப்யூட்டரில் கொடுத்துவிடுகிறதாம். போன மாதம் அங்கே வேலை பார்க்கும் ஜெனிபர் போனில் கூப்பிட்டாள்.

"சார், கேமரா ஒரு கணக்குச் சொல்லுது, டைவர் ஒரு கணக்குச் சொல்லுதாங்க. ரெண்டும் ஒத்து வரல. கடல் முன்னைக்கு இப்போ நல்லாயிருக்கா இல்லையான்னு ஒரு வரியில எழுதிக் கேக்காங்க. என்ன சார் எழுத?"

ஒரு வரியில் எழுதத் தெரிந்திருந்தால் நான் கள உதவியாளராகவே ஓய்வு பெற்றிருக்க மாட்டேன். "யோசிச்சுச் சொல்லுதேம்மா" என்று வைத்துவிட்டேன். யோசிக்க யோசிக்க அது ஒரு வரியில் நிற்கவில்லை. எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் நாசரேத்துக்காரன். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் ஊரில் மீன் என்பது சைக்கிள் கேரியரில் ஐஸ் பெட்டிக்குள் வருகிற சமாச்சாரம். அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்று யாரும் கவலைப்பட்டதில்லை. விலங்கியல் படித்து முடித்ததும் தூத்துக்குடியில் கடல் ஆராய்ச்சி அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. நீச்சல் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். குளத்து நீச்சல் என்று சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. முதல் சில மாதங்கள் படகில் ஏறினாலே வாந்தி. "சார் மீனுக்குத் தீனி போடுதாரு" என்று படகுக்காரர்கள் சிரிப்பார்கள். பிறகு வாந்தி நின்றது, டைவிங் வந்தது, கல்யாணமும் ஆனது. அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது என் மேலதிகாரியைப் பற்றி. டாக்டர் சங்கரலிங்கம், ஆழ்வார்திருநகரிக்காரர், சுத்த சைவம். வாழ்நாளில் ஒரு நெத்திலியைக்கூட நாக்கில் வைத்தவரில்லை. ஆனால் மீனைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அந்தக் கரையில் வேறு யாருக்கும் தெரியாது. மீனவர்கள் அவரைச் 'சைவ ஐயா' என்பார்கள். "மீனுமேல ஆசை இல்லாத ஆளு, அதான் நேர்மையா எண்ணுதாரு" என்று ஒருவர் சொன்னதை அவரிடமே போய்ச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. நாம் எதைக் கண்டுபிடித்துக்கொண்டு போய்ச் சொன்னாலும் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு, "சரிவே. வேற எப்படி இருக்கலாம்?" என்பார். புதிதாக வந்தவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் எங்கள் வேலையில் பாதி நடந்தது.

எண்ணும் முறையை அவர்தான் சொல்லிக் கொடுத்தார். தண்ணீருக்குள் எல்லாமே பெரிதாகத் தெரியும். சாண் மீன் முழ மீனாகத் தெரியும், மீன் பிடித்தவன் டீக்கடையில் கை விரித்துக் காட்டுகிற மாதிரி. அதற்காகப் பிளைவுட்டில் பல அளவுகளில் மீன் வெட்டி, கயிற்றில் கோத்துக் கடலுக்குள் தொங்கவிட்டுவிடுவார். நாங்கள் நீந்திப்போய் ஒவ்வொன்றின் நீளத்தையும் மதிப்பிட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். சரியாக வரும்வரை நிஜ மீனை எண்ண விடமாட்டார்.

எண்ணப் போனால் முதலில் தரையில் அளவு நாடாவை விரிக்க வேண்டும். விரித்த உடனே எண்ணக் கூடாது. நாம் வந்த கலவரத்தில் மீன்கள் ஓடியிருக்கும், அவை திரும்பி வரும்வரை அசையாமல் கிடக்க வேண்டும். பிறகு நாடாவை ஒட்டி மெதுவாக நீந்த வேண்டும். போகும்போது சுற்றித் திரியும் மீன்களை மட்டும். திரும்பும்போது பொந்துக்குள் இருப்பவற்றை. எழுதுவதற்கு உப்புத்தாள் தேய்த்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை, ரப்பர் குழாயில் கட்டிய பென்சில். பின்னால் போன மீன் சுற்றிக்கொண்டு மறுபடி முன்னால் வந்தால் அதை எண்ணக் கூடாது. அதே மீன்தானா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தெரியாதுவே. ஆனா எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி தெரியாம இருக்கணும்" என்றார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

இப்போது கல் கதைக்கு வருகிறேன். விசைப்படகுகளின் மடிவலை தரையைச் சுரண்டிச் சுரண்டி, கரைக்குப் பக்கத்துக் கடலில் பல இடங்கள் வெறும் மணலாகிப் போயிருந்தன. பவளப்பாறையும் இல்லை, மீன் ஒண்டுவதற்கு ஒரு மறைவும் இல்லை. அங்கே சிமெண்டுக் கற்கள் செய்து போட்டால் மீன் வந்து தங்கும், மடிவலையும் உள்ளே வராது என்பது திட்டம். கல்லின் வடிவத்தை ஐயாவே வரைந்தார். கிணற்று உறை மாதிரி சில, முக்கோணமாகச் சில, ஓட்டைகளுடன் சதுரமாகச் சில. எந்த ஓட்டை எந்த மீனுக்கு என்றுகூட யோசித்திருந்தார். எல்லாவற்றையும் வரிசை வரிசையாக இறக்குவதற்கு ஒரு படம் போட்டார். அவ்வளவு அழகான படத்தை நான் பார்த்ததில்லை, காலனி மனைப் பிரிவு மாதிரி இருக்கும்.

படகில் கிரேன் வைத்து ஒவ்வொன்றாக இறக்கினோம். கடைசி நாளன்று தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று முன்கூட்டியே கிளம்பிவிட்டது. படகு ஆடிய ஆட்டத்தில் மிச்சமிருந்த கற்கள் சரிந்து ஒரே இடத்தில் கொட்டிவிட்டன. நான் பயந்துகொண்டே போய்ச் சொன்னேன். "கொட்டிப்போச்சா? சரி, அதையும் சேத்து எண்ணும்" என்றார். அத்தோடு இன்னொரு வேலையும் வைத்தார். கொஞ்சம் தள்ளி, கல்லே போடாத வெறும் மணலிலும் அதே நாடாவை விரித்து எண்ண வேண்டும்.

"சார், அங்க மணல்தான சார் கெடக்கு?"

"அதனாலதான்வே எண்ணணும். கல்லுகிட்ட மீன் கூடுச்சுன்னு வையும். அந்த வருசம் கடல் முழுக்கவே கூடியிருந்தா? கல்லுக்கு என்னவே பெருமை?"

மீன் வந்தது. நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்தது. ஆனால் படம் போட்ட வரிசைகளைவிடக் கொட்டிப்போன குவியலில்தான் அதிகம். கலவாய் மீனுக்கென்று வரைந்த ஓட்டையில் ஒரு கலவாய்கூட இல்லை. அது குவியலுக்குள் இரண்டு கல்லுக்கு நடுவிலிருந்த கோணல் இடுக்கில் உட்கார்ந்துகொண்டு என்னை முறைத்தது. சிங்கி இறால் முழுவதும் அங்கேதான். குவியலில் எல்லா அளவிலும் இடுக்கு இருப்பதால் எல்லா மீனுக்கும் வீடு கிடைக்கிறது என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வியை நீங்களே ஊகிக்கலாம். நீரோட்டம் காரணமாக இருக்கலாம், குவியல் உயரமாக இருப்பது காரணமாக இருக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஆனால் வரிசைகளிலும் ஒரு பயன் இருந்தது. பரந்து கிடந்ததால் மடிவலைக்காரர்கள் அந்தப் பக்கமே வரவில்லை. குவியல் மட்டும் இருந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போயிருப்பார்கள்.

இரண்டாம் கட்டக் கற்களைக் குவியலாகவே போடுவது என்று ஐயா முடிவு செய்தார். அதற்கு டெண்டர் எழுத வேண்டும். கான்டிராக்டர் வந்து தலையைச் சொறிந்தார். "சார், ஒழுங்கா அடுக்குன்னா அடுக்கிருவேன். ஒழுங்கில்லாமக் கொட்டுன்னா எப்படிக் கொட்டணும்னு எழுதிக் குடுங்க. இல்லன்னா பில் பாஸ் பண்ண மாட்டாங்க." ஐயா நான்கு நாள் உட்கார்ந்து ஒழுங்கில்லாமைக்கு ஒரு படம் வரைந்தார். அதைப் பார்த்த எஞ்சினியர், "இதுல எந்தக் கல்லு எந்தக் கல்லுமேல சாயணும்னு அளவு போடலியே" என்றார். அலுவலகமே சிரித்தது, ஐயாவைத் தவிர. அவருக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு மீனவ ஊர்கள். பெயர் சொல்லப் போவதில்லை, இரண்டு ஊரிலும் சாப்பிட்டிருக்கிறேன். வடக்கு ஊர், தெற்கு ஊர் என்று வைத்துக்கொள்வோம். வடக்கு ஊரில் எல்லாம் சின்ன பைபர் வள்ளங்கள், தூண்டில்காரர்கள். தெற்கு ஊரில் விசைப்படகு அதிகம், வள்ளம் நாலைந்துதான். சண்டை வரக்கூடாது என்று அலுவலகம் ஒரு ஏற்பாடு செய்தது. திங்கள், புதன், வெள்ளி வடக்கு ஊருக்கு, நீலக் கொடி. செவ்வாய், வியாழன், சனி தெற்கு ஊருக்கு, மஞ்சள் கொடி. ஞாயிறு கோயில் நாள், யாரும் போகக் கூடாது.

காற்றுக்குக் கிழமை தெரியாது. தொடர்ந்து இரண்டு வாரம் திங்களும் புதனும் காற்றடிக்கும், செவ்வாய்க்கிழமை கடல் எண்ணெய் மாதிரி கிடக்கும். வடக்கு ஊர்க்காரர்கள் கரையில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பார்கள். கொஞ்ச நாளில் அந்த ஊர் வள்ளங்களில் இரண்டு கொடியும் இருந்தன. எது வசதியோ அதைக் கட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் அலுவலகத்துக்குப் புகார்மேல் புகார்.

இதற்கிடையில் கல்லிடத்தில் ஒன்று தானாக நடந்தது. அங்கே நங்கூரம் போட்டால் கல்லில் மாட்டிக்கொள்ளும், எடுக்க வராது. அதனால் ஒரு வள்ளம் மட்டும் நங்கூரம் போடும். இரண்டாவது வரும் வள்ளம் தன் கயிற்றை முதல் வள்ளத்துக்கு எறியும், அவர்கள் அதை வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். மூன்றாவது இரண்டாவதுக்கு எறியும். இப்படி ஒரே நங்கூரத்தில் ஏழெட்டு வள்ளம் நீரோட்டத்தோடு வரிசையாக நிற்கும். முன்னால் நிற்பவனுக்கு நல்ல இடம், ஆனால் மற்றவர்கள் அவிழ்க்கும்வரை அவன் கிளம்ப முடியாது. இன்று கடைசியாகக் கட்டியவன் நாளைக்கு முதலில் போய் நங்கூரம் போட வேண்டும். நங்கூரம் போய்விட்டால் கட்டியிருந்த எல்லாரும் சேர்ந்து புதிது வாங்கிக் கொடுப்பார்கள்.

இதை முதன்முதலில் பார்த்த அன்று ஐயா எங்கள் படகை நிறுத்தச் சொல்லி வெயிலில் வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். வடக்கு ஊர்ப் பெரியவர் சூசையிடம், "யாரு இத ஏற்பாடு செஞ்சது?" என்று கேட்டார்.

"யாரும் செய்யலய்யா. அப்படியே வந்துட்டு."

திரும்பி வரும் வழியெல்லாம் ஐயா, "அப்படியே வந்துட்டாம்வே! கலவாயும் நம்ம படத்தப் பாக்கல, மனுசனும் நம்ம கொடியப் பாக்கல" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். எனக்கும் ஒரே சந்தோஷம். அடுத்த கூட்டத்தில் கொடி ஏற்பாட்டை எடுத்துவிடலாம் என்று அவரே சொன்னார். வடக்கு ஊர் கைதட்டியது. தெற்கு ஊர்க் கமிட்டி, "எடுத்துட்டுப் போங்க, எங்களுக்கு என்ன" என்றது. புகார்கள் நின்றுவிட்டன. மேலிடத்துக்கு அறிக்கை போனது, பாராட்டு வந்தது.

கொஞ்ச மாதம் கழித்து ஒரு காலையில் மரியசெல்வம் என்ற அம்மா அலுவலகத்துக்கு வந்தார். தெற்கு ஊர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். கணவர் காலமாகிவிட்டார். அவர் விட்டுப்போன ஒரு சின்ன வள்ளம் இருந்தது. தம்பி அந்தோணி அதில் தூண்டில் போடுவார், இந்த அம்மா மீனைச் சந்தையில் விற்பார். வீட்டில் வேறு வருமானம் இல்லை. வள்ளத்தின் எஞ்சினும் சின்னது, தூரம் போகாது. அவர்கள் ஊருக்கு நேரே கடலில் ஒரு இயற்கைப் பாறைத்திட்டு உண்டு. அந்தக் காலத்தில் முத்துக் குளித்த இடங்களைச் சொல்வது போல அதையும் 'பார்' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பாரை நம்பித்தான் அந்த வள்ளம் ஓடியது.

"நீங்கதான் கல்லு போட்ட ஐயாவா?"

"ஆமாம்மா. உக்காருங்க."

"உக்கார வரல. எங்க பாருல மீனு இல்லாமப் போயிட்டு. ஒங்க கல்லுக்குத்தான் போயிருக்கு. சரி, மீனு போன எடத்துக்கு நாமளும் போவோம்னு எந்தம்பி போனான். கயிறு எறிஞ்சான், ஒருத்தனும் வாங்கல. நங்கூரம் போட்டுப் பாத்தான், அது கல்லுல மாட்டிப் போயிட்டு. மீனும் போச்சு, நங்கூரமும் போச்சு. இனி நான் யார்ட்ட போயி நிக்க?"

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "முந்தி கொடி இருந்தப்போ எப்படி?"

"செவ்வா, வியாழன், சனி போவான். மணல் ஓரத்துல எடம் இருக்கும், அங்க நங்கூரம் போடுவான். ஒருத்தன் வாயத் தொறக்க முடியாது. கொடி இருக்குல்லா? அத ஏன் எடுத்தீங்க?"

"ஒங்க ஊர்க் கமிட்டி சம்மதிச்சாவளே அம்மா."

"கமிட்டில நானா இருக்கேன்? அவுக எல்லாம் விசைப்படகு வச்சிருக்கவுக. அவுகளுக்கு ஒங்க கல்லு எதுக்கு?"

ஐயா கழற்றிய கண்ணாடி கையிலேயே இருந்தது. அன்று அதைத் துடைக்கவும் மறந்துவிட்டார்.

மறுநாளே அந்தோணியின் வள்ளத்தில் போய் அந்தப் பாரில் மீன் எண்ணினேன். மாதா கோயில் கோபுரத்தையும் அனல்மின் நிலையப் புகைக்கூண்டையும் பார்த்துப் பார்த்து வள்ளத்தைச் சரியான இடத்தில் நிறுத்தினார். கீழே பாறை நன்றாகத்தான் இருந்தது. குட்டி மீன்கள் இருந்தன. பெரிய கலவாய், விளமீன், ஊளி ஒன்றும் இல்லை. நடுவயது ஆட்கள் எல்லாம் துபாய்க்குப் போய்விட்ட தெரு மாதிரி கிடந்தது. மேலே வந்ததும் அந்தோணி, "என்ன சார்?" என்றார். அக்காவைவிடப் பேச்சுக் குறைந்தவர். "ஐயாட்ட சொல்லுதேன்" என்று மட்டும் சொன்னேன்.

ஐயா என் பலகையைப் பார்த்தார். பிறகு கல்லிடத்தில் எண்ணிய பழைய கணக்குகளைப் பார்த்தார். அன்றைக்கு அவர் சொன்னதுதான் என் வேலையில் நான் கேட்ட பெரிய சங்கதி.

"நாம கல்லு போட்டு ஆறு மாசத்துல அங்க முழ நீளக் கலவாய் இருந்துதுல்லா? கலவாய் அந்த அளவு வளர எத்தன வருசம் ஆகும்?"

"நாலஞ்சு வருசம் ஆகும் சார்."

"அப்போ அது அங்க பெறக்கலவே. வந்திருக்கு. நாம மீன உண்டாக்கல, கூப்பிட்டிருக்கோம்."

இத்தனை நாளாக அந்த எண்ணிக்கையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவர்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. எனக்கும்தான். ஆனால் ஐயா அதோடு விடவில்லை. வேற எப்படி இருக்கலாம்? அந்த வருடம் கோடையில் கடல் சூடு அதிகம், அதனாலும் பாரைவிட்டுப் போயிருக்கலாம். பருவத்துக்குத் தகுந்த மாதிரி இடம் மாறியிருக்கலாம். ஒரு தடவை எண்ணியதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கச்சான் காலம், வாடைக் காலம் இரண்டும் பார்க்க வேண்டும், முழுதாக ஒரு வருடம் எண்ண வேண்டும் என்றார்.

இரண்டாம் கட்டக் கற்கள் கரையில் தயாராகக் கிடந்தன. மார்ச்சுக்குள் போடாவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும். ஐயா நிறுத்தச் சொல்லிவிட்டார். மேலிடத்திலிருந்து போன் வந்தது, நான் எதிரில் இருந்தேன். மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது.

"மீன் கூடியிருக்கா இல்லையா?"

"கல்லுகிட்ட கூடியிருக்கு சார்."

"அப்புறம் என்ன?"

"கடல்ல கூடியிருக்கான்னு தெரியல சார்."

பிறகு வடக்கு ஊருக்குப் போனோம். கரையில் சூசை வலைக்கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தெற்கு ஊர் வள்ளம் ஒன்றுக்கு மட்டும் கயிறு வாங்கக் கூடாதா என்று ஐயா கேட்டார். சூசை கோபப்படவில்லை.

"ஐயா, நாங்க யாரையும் வெரட்டல. கயிறு வாங்குறதுன்னா என்னன்னு நெனைக்கிய? திடீர்னு காத்து தூக்குனா அவன் பாரம் முழுக்க என் நங்கூரத்துலதான். நான் வெட்டிவிட்டா அவன் போயிருவான், அவன் அவுக்க மாட்டேன்னா நான் போயிருவேன். ஏன் வாங்குதேன்? நாளைக்கி எனக்கும் அவன் வாங்குவான். தெக்கூர்க்காரன் ஒரு வள்ளம். அவன் என்னைக்கி வருவான், என்னைக்கி வரமாட்டான்னு யாருக்குத் தெரியும்?"

"ஆபீஸ்ல ஆர்டர் போட்டா?"

"ஆர்டர வாங்கிக்கிடுவோம்" என்று சிரித்தார் சூசை. "கயிறு வேற ஐயா."

அவர் சொன்னதில் பொய் இல்லை. யாரும் சொல்லாமல் அவர்களுக்குள் வந்த ஒழுங்கு அது. தெரிந்தவனை நம்பித்தான் அது நின்றது. அதனாலேயே தெரியாதவனுக்கு அதில் இடம் இல்லை. கொடி ஏற்பாடு யாருக்கும் பிடிக்காதது, காற்று தெரியாதது, அசட்டுத்தனமானது. ஆனால் அதில் மரியசெல்வத்துக்கு மூன்று நாள் இருந்தது.

ஒரு வாரம் கழித்து ஐயா சொன்னார். "ஒருத்தன ஒருத்தன் நம்பணும்னு ஆர்டர் போட முடியாதுவே. நம்பாமலே நிக்கதுக்கு ஒரு கட்டை போட்டுக் குடுக்கலாம்லா?" கல்லிடத்தின் ஓரத்தில் கனமான சிமெண்டுக் கட்டைகளைப் புதைத்து, சங்கிலியில் மிதவை கட்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் அதில் கயிற்றைக் கட்டிக்கொள்ளலாம். யாரும் யாருடைய கயிற்றையும் வாங்க வேண்டியதில்லை. வேண்டியவர்கள் பழையபடி வரிசையாகவும் நிற்கலாம். நல்ல யோசனை. அனுமதி கேட்டு எழுதினோம்.

இதையெல்லாம் சொல்ல மரியசெல்வம் வீட்டுக்கு என்னைத்தான் அனுப்பினார். ஒரு வருடம் எண்ணப் போகிறோம், மிதவை வரப்போகிறது என்று சொன்னேன். அந்த அம்மா காபி போட்டுக் கொடுத்தார்.

"எண்ணுங்க சார், நல்லா எண்ணுங்க. கரையில கெடந்தா வள்ளம் வெயில்ல வெடிச்சுப் போவும். அந்தோணியும் எத்தன நாளைக்கிச் சும்மா இருப்பான்? நீங்க எண்ணி முடிக்கவரைக்கும் நாங்க என்னத்தத் திங்க?"

ஐயா சீக்கிரம் முடிக்கப் பார்க்கிறார் என்றேன். சீக்கிரம் முடிக்கக்கூடிய வேலை இல்லை அது என்று எனக்குத் தெரியும். கொடியையாவது திரும்பக் கொண்டுவரலாம் என்று ஐயா ஒரு கூட்டம் போட்டுப் பார்த்தார். வடக்கு ஊர் முழுக்க எழுந்து போய்விட்டது.

எண்ணினோம். மாதாமாதம் கல்லிடம், பார், வெறும் மணல் மூன்றும். தண்ணீர் கலங்கிக் கை தெரியாத நாட்களில் திரும்பி வந்து மறுபடி போனோம். மிதவைக்கு அனுமதி வாடைக் காலமெல்லாம் கழிந்துதான் வந்தது. போட்ட பிறகு சண்டை எதுவும் இல்லை. வடக்கு ஊர்க்காரர்கள் மிதவையில் முதல் வள்ளத்தைக் கட்டி, அதன் பின்னால் பழையபடி கயிறு வாங்கி நின்றார்கள். தெற்கு ஊர் வள்ளங்கள் அடுத்த மிதவையில் நின்றன. இதுவும் யாரும் சொல்லாமல் வந்ததுதான். இரண்டாம் கட்டக் கற்களைப் பாரிலிருந்து வெகுதூரம் தள்ளிக் குவியலாகக் கொட்டினோம். பணத்தை ஐயா எப்படியோ போராடித் தக்கவைத்திருந்தார்.

வருட முடிவில் கணக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்லிடத்தில் இப்போது குட்டி மீன்கள் இருந்தன, அங்கேயே பிறந்தவை. பாரிலும் மீன் திரும்பியிருந்தது, பெரியவையும் சேர்த்து. வெறும் மணல் மட்டும் அப்படியே கிடந்தது. ஏன் திரும்பியது? கல்லில் பிறந்தவை பரவியிருக்கலாம். கடல் சூடு குறைந்ததால் இருக்கலாம். எல்லா வள்ளமும் கல்லிடத்துக்குப் போய்விட்டதால் பாருக்கு ஓய்வு கிடைத்திருக்கலாம். மூன்றில் எது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முறை கடலில்தான் கூடியிருந்தது, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறியது மட்டும் அல்ல. அதை ஐயா துணிந்து சொன்னார்.

தெற்கு ஊர்க் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டோம். பாரின் கணக்கை நான் பெரிய தாளில் கோடாக வரைந்து சுவரில் ஒட்டியிருந்தேன். கோடு முதலில் இறங்கி, கீழே கொஞ்சம் தவழ்ந்து, பிறகு நன்றாக மேலே ஏறியது. அதை வரைந்ததில் எனக்கு அவ்வளவு பெருமை. கமிட்டிக்காரர்கள் கைதட்டினார்கள், மேலிடத்திலிருந்து வந்தவர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

கூட்டம் கலைந்த பிறகு மரியசெல்வம் வந்தார். இறால் உரிக்கும் கம்பெனியில் கொடுத்த நீலத் தொப்பி கையில் இருந்தது, வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார். அந்தத் தொப்பியைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ஆசையாகக் கூப்பிட்டு விளக்கினேன். "இது ஒங்க பாரும்மா. கோடு கீழ வந்தா மீனு குறையுது, மேல போனா கூடுது. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஒரு வருசம்."

தாளுக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "இதுல மாதா கோயில் திருவிழா எங்கன வருது சார்?"

ஆடி மாதத்து இடத்தைக் காட்டினேன். அவர் அதிலிருந்து கொஞ்சம் வலது பக்கம் விரலை நகர்த்தி ஓரிடத்தில் வைத்தார்.

"அப்போ இங்கனதான்."

"இங்கன என்னம்மா?"

"வள்ளத்த வித்தது."

ஐயா எங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மூன்று பேரும் அந்தத் தாளைப் பார்த்தோம். மரியசெல்வம் விரல் வைத்திருந்த இடத்திலிருந்துதான் கோடு மேலே ஏறத் தொடங்கியிருந்தது.